ஆட்சேபம் எழுத்தில் வரட்டும்

ஒரு நூலை அரசாங்கம் தடை செய்தால் அதற்கு ஓர் அறிவிக்கை உண்டு. அந்த அறிவிக்கையில் தேதியும், காரணமும், பொறுப்பேற்றுக் கையொப்பமிட்ட அதிகாரியின் பெயரும் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு உயர்நீதிமன்றத்தின் படியேறுவதற்கு வழியும் உண்டு. ஆனால் ஒரு சிற்றூரின் கிளை நூலகத்துக்கு ஊர்ப் பிரமுகர் ஒருவர் மாலை வேளையில் வந்து, நூலகரின் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, "இதையெல்லாம் எதுக்குங்க சார் வெளியே வச்சிருக்கீங்க? பொம்பளைப் பிள்ளைக வந்து போற இடம்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போக, மறுநாளே அந்த நூல் அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டுப் பூட்டிய பீரோவுக்குள் போய்விடுமாயின், அதற்குத் தேதியும் இல்லை, காரணமும் இல்லை, கையொப்பமும் இல்லை. நூல் இருந்தது என்பதற்குப் பதிவேட்டில் ஒரு வரிசை எண் மட்டும் சாட்சியாக நிற்கும். முதல்வகைத் தடையைக் காட்டிலும் இந்த இரண்டாம் வகைக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். ஏனெனில் முன்னதை எதிர்த்து வழக்காடலாம், பின்னது நடந்ததென்று நிரூபிப்பதே அரிது.

அந்த நூலகரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. காலையில் தாமே கதவைத் திறந்து, பத்திரிகைகளை மேசையில் விரித்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, நூல்களைக் கொடுத்து வாங்கித் தேதிச் சீட்டில் முத்திரை குத்தி, இருட்டியபின் விளக்கணைத்துப் பூட்டிச் செல்வதுவரை எல்லாவற்றையும் தனியொருவராகச் செய்யும் கிளை நூலகர்கள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். எதிரே அமர்ந்திருப்பவருக்கோ சங்கம் இருக்கிறது, கட்சி இருக்கிறது, அதிகாரிகளின் தொலைபேசி எண் இருக்கிறது. அத்தகைய வேளையில் நூலகர் எடுத்துக் காட்டிப் பேசத்தக்க எழுத்துமூலமான விதி அவர் மேசையறையில் இருந்தாக வேண்டும். விதி இல்லாத இடத்தில் தைரியத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

போடிநாயக்கனூரில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே விடியுமுன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. தூக்குவாளியும் தலையில் கட்டிய துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிறார்கள். பொழுது சாயும்போது திரும்புகிறார்கள். மலையில் விளைந்து புகையறையில் உலர்ந்த காய், சாக்குகளில் கீழே இறங்கி, ஏல மையத்தில் விலை பேசப்பட்டு, கிட்டங்கிகளில் மீண்டும் பெண்களின் கைகளாலேயே பருமன் வாரியாகவும் நிறம் வாரியாகவும் தரம் பிரிக்கப்பட்டு, வடநாட்டுக்கும் அயல்நாட்டுக்கும் பயணமாகிறது. இந்தப் பெண்களின் பிள்ளைகள் பள்ளி முடித்துக் கல்லூரியில் சேர்ந்து, அரசுத் தேர்வுக்குப் படிக்க இடந்தேடி வருமிடம் நூலகம். பாடநூலுக்கு அப்பால் அவர்கள் கையில் எடுக்கும் முதல் நாவல் பெரும்பாலும் விலைகொடுத்து வாங்கியதாக இராது. இரவல் வாங்கியதாகவே இருக்கும்.

ஆகையால் நூலகத்திலிருந்து ஒரு நூலை அகற்றுவது எல்லாருக்கும் ஒரேமாதிரியான தடையன்று. வசதியுள்ளவர் சர்ச்சை எழுந்த அன்றிரவே கைப்பேசியில் பதிவு செய்து மூன்றாம் நாள் அதை வீட்டுக்கு வரவழைத்துவிடுவார். சொல்லப்போனால், சர்ச்சையே அவருக்கு அதை விளம்பரம் செய்துகொடுக்கும். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதால், அங்கேயும் அது பத்திரமாக இருக்கும். ஆனால் போடியிலிருந்து கன்னிமாராவுக்கு ஓர் இரவுப் பிரயாணம். அந்தப் பிரயாணத்துக்குக் காசும் ஓய்வும் இல்லாத ஒருவருக்கு, கிளை நூலகத்தின் அலமாரியில் இல்லாத நூல் உலகத்திலேயே இல்லாத நூல்தான். பொது நூலகத்தில் நடக்கும் தணிக்கை ஏழைகளின்மீது மட்டும் விழுகிறது என்பதே இந்த விவகாரத்தில் என்னை மிகவும் வருத்தும் சங்கதி.

இந்த மலைத்தொடரின் மறுபுறத்தில், இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடியில், காட்டு வழியே நடந்துதான் சேரக்கூடியதாயிருந்த முதுவர் குடியிருப்பு ஒன்றில், தேநீர்க் கடை வைத்திருந்த ஒருவரும் அங்கே பாடம் நடத்திய ஓர் ஆசிரியரும் சேர்ந்து 2010-இல் ஒரு நூலகம் தொடங்கினார்கள். 160 நூல்கள், அவையும் சாக்குப் பையில் சுமந்து கொண்டுவரப்பட்டவை, அவற்றுள் சிலப்பதிகாரத்தின் மலையாள வடிவமும் உண்டு. யார் எந்த நூலை எடுத்தார் என்பது ஒரு நோட்டில் ஒழுங்காக எழுதப்பட்டது. காட்டுக்குள் வாழ்கிறவருக்கு இன்ன நூல் ஏற்கும், இன்னது ஏற்காது என்று மேலிருந்து ஒருவரும் தீர்மானிக்காமல், உயர்ந்தது எதுவோ அதையே அவர்கள் முன் வைத்த அந்த இருவரின் மரியாதையுணர்ச்சியை நான் போற்றுகிறேன். குரங்கணிக்கு மேலே நம் பக்கத்து முதுவாக்குடியிலும் அதே மக்கள்தாம் வாழ்கிறார்கள்.

சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று முதன்முதலாகச் சட்டம் இயற்றிய பெருமை சென்னை ராஜதானிக்கு உரியது. சீர்காழியில் பிறந்து கணிதப் பேராசிரியராகத் தொடங்கி நூலகவியலின் தந்தையாக வளர்ந்த எஸ். ஆர். ரங்கநாதனின் இடையறாத முயற்சியும், அப்போது கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் ஆதரவும் சேர்ந்து 1948-இல் அச்சட்டத்தைக் கொண்டுவந்தன. நாம் செலுத்தும் வீட்டுவரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரி அந்தச் சட்டத்தின் குழந்தை. 1931-இல் ரங்கநாதன் தம்முடைய ஐந்து விதிகளை வெளியிட்டபோது, வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்கவேண்டும் என்றும், நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் வாய்க்கவேண்டும் என்றும் இரண்டு பக்கமும் கடமையை வைத்தார். ஊராரில் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்ட நூல் என்ற நிபந்தனையை அவர் எங்கும் வைக்கவில்லை. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோன நடமாடும் நூலகமும் புறப்பட்டது.

நூலகச் சட்டம் வந்த அதே 1948-ஆம் ஆண்டில்தான் புலவர் குழந்தையின் இராவண காவியத்தை அதே சென்னை அரசாங்கம் தடை செய்தது என்பதையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. ஒரு கையால் ஊருக்கு ஊர் நூலகம் திறக்கச் சட்டம்; மறு கையால் ஒரு காவியத்துக்குப் பூட்டு. அந்தப் பூட்டு 1971-இல்தான் கழன்றது. அதற்கு முன்னே 1928-இல் பர்மா அரசின் தடையைத் தொடர்ந்து பாரதியின் தேசியப் பாடல்களைச் சென்னையில் போலீசார் பறிமுதல் செய்தபோது, சட்டசபையில் எழுந்து அதைக் கண்டித்தவர் சத்தியமூர்த்தி. பெரியாருடைய இராமாயண ஆராய்ச்சியின் இந்தி மொழிபெயர்ப்பை உத்தரப் பிரதேச அரசு 1969-இல் பறிமுதல் செய்ய, அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துச் செய்ய, 1976-இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அடங்கிய அமர்வும் அரசின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. கொள்கையால் ஒருவரோடொருவர் முரண்பட்ட இவர்களுடைய நூல்கள் இன்று ஒரே நூலகத்தில் பக்கம் பக்கமாக நிற்கின்றன.

இவையெல்லாம் அரசாங்கம் வெளிப்படையாக விதித்த தடைகள். நம் காலத்து நிகழ்ச்சியோ வேறு விதமானது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதியரின் துயரத்தையும், அவர்கள்மேல் ஊரும் உறவும் சுமத்தும் அவமானத்தையும் சொல்லும் அந்நாவல், நான்காண்டுகள் ஒரு சலசலப்புமின்றி வாசிக்கப்பட்டு வந்தது. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட பின், 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் நூல் எரிக்கப்பட்டது. ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. அரசு நூலைத் தடை செய்யவில்லை; எந்த நீதிமன்றமும் குற்றமென்று சொல்லவில்லை. 2015 ஜனவரி 12-ஆம் தேதி நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் 'சமாதானப் பேச்சுவார்த்தை' என்ற பெயரில் ஒரு கூட்டம் நடந்தது. ஒரு பக்கம் திரண்ட கோபம். மறுபக்கம் ஓர் ஆசிரியரும் அவருடைய வழக்கறிஞரும். நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிப்பதாகவும், ஆட்சேபத்துக்குரிய பகுதிகளை நீக்குவதாகவும், விற்காத படிகளைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதி வாங்கப்பட்டது. அடுத்து அவர் தம்முள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாகத் தமிழுலகத்துக்கு அறிவித்ததை நாம் மறந்திருக்க முடியாது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் 2016 ஜூலை 5-ஆம் தேதி வழங்கிய தீர்ப்பு, அந்த நாமக்கல் ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. நூல் பிடிக்காதவர் அதைத் தூக்கி எறிந்துவிடலாம், வாசிக்கச் சொல்லி எவரும் வற்புறுத்தவில்லை என்றது. எழுத்தாளர் மீண்டும் எழுந்து எழுதட்டும் என்று வாழ்த்தியது. அத்தீர்ப்பைப் பாராட்டியவர் அனைவரும் இந்த உணர்ச்சிமிக்க பகுதிகளையே எடுத்துக் காட்டினார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. கலை, இலக்கியம் குறித்து இத்தகைய மோதல்கள் எழும்போது போலீசும் உள்ளூர் அதிகாரிகளும் தாங்களே மதிப்பிட்டு முடிவு செய்யலாகாது என்பதற்காக, இலக்கியமும் கலையும் அறிந்தவர்களைக் கொண்ட ஒரு நிபுணர் குழுவை அரசு அமைக்கவேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன பகுதி அது. அந்த எண்ணம் மாநிலத் தலைநகரத்தோடு நின்றுவிடாமல் கிளை நூலகரின் மேசைவரை இறங்கி வரவேண்டும் என்பதே என் கோரிக்கை.

"பொது அமைதி கெட்டால் நீ வந்து நிற்பாயா?" என்று அதிகாரிகள் கேட்கலாம். போடியில் வசிக்கிறவர் எவரும் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. 1989-இல் இவ்வூரிலும் சுற்றுப்புறங்களிலும் மூண்ட சாதிக் கலவரத்தில் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன, நெடுநாள் சேர்ந்து வேலைக்குப் போனவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் போனார்கள். அந்த அச்சத்தின் நினைவு மனத்தில் இருப்பவர், வம்பு தரும் புத்தகம் எதற்கு என்று நினைத்தால் அது கெட்ட எண்ணத்தால் அல்ல. ஆனால் அதே 1989-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உச்சநீதிமன்றம் ஒரு தமிழ்த் திரைப்படத்தைப் பற்றியே இந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம் இடஒதுக்கீட்டு முறையை விமர்சித்தது. அதைத் திரையிட்டால் தமிழ்நாட்டில் கொந்தளிப்பு ஏற்படும் என்று வாதிடப்பட்டது. ஆர்ப்பாட்டம் நடக்கும், ஊர்வலம் வரும், வன்முறை நேரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்குவது சட்டத்தின் ஆட்சியையே கைவிடுவதாகும். எதிர்ப்பைச் சமாளிக்க இயலாது என்று சொல்ல அரசுக்கு உரிமையில்லை. உரிமையைக் காப்பதே அதன் கடமை என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். படத்தின் கருத்தை நான் ஏற்கிறவனல்லன். அப்படியிருந்தும் அந்தத் தீர்ப்பு சரியானது.

சாதியைப் பற்றிய நூல்கள் அலமாரியில் இல்லாததால் எந்த ஊரிலும் கலவரம் நின்றதில்லை. நான் அறிந்தவரையில், சண்டைக்குக் காரணமாவது சுவரொட்டியும், மேடைப் பேச்சும், இன்று கைப்பேசியில் பரவும் காணொளியும். முந்நூறு பக்கத்தைப் பொறுமையாக வாசித்து முடித்துவிட்டு ஒருவர் அரிவாளை எடுத்தார் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

நமக்கு வெகு தூரத்தில் நடந்த, ஆனால் ஏலமலைக்காரருக்கு எளிதில் விளங்கக்கூடிய ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 1939-இல் ஜான் ஸ்டீன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல் வெளிவந்தது. மண் பொய்த்து ஊரைவிட்டுக் கிளம்பிய குடும்பங்கள், கலிபோர்னியாவின் பருத்திக் காடுகளிலும் பழத்தோட்டங்களிலும் அற்பக் கூலிக்கு அலையும் கதை. கதை நடக்கும் இடங்களுள் ஒன்றான கெர்ன் கவுண்டி நிர்வாகக் குழு, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், அந்நூலைத் தன் ஆளுகைக்குட்பட்ட பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் அகற்றும்படி தீர்மானித்தது. ஆபாசம் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பெரிய தோட்டக்காரர்களின் சங்கமோ, தங்களைப் பற்றி அந்நூல் தீட்டிய சித்திரத்தால் வெகுண்டு, அந்தத் தடையை உற்சாகமாக வரவேற்றது. அங்கே நூலகராயிருந்த கிரெட்சன் நீஃப் என்ற பெண்மணி, உத்தரவை மீறினால் வேலை போகும் என்று அறிந்திருந்தார். அவர் உத்தரவுக்குப் பணிந்தார். ஆனால் மௌனமாகப் பணியவில்லை. இன்று இந்த நூலைத் தடுத்தால் நாளை எதைத் தடுப்பீர்கள், வாசிக்கத் தடை விதிப்பதால் ஒரு கருத்து செத்துவிடுமா என்று கேட்டு நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். முடங்கிப்போன படிகளைத் தடையில்லாத பிற நூலகங்களுக்கு அனுப்பிவைக்க முன்வந்தார். 1941 ஜனவரியில் தடை நீங்கியது. அவ்விவகாரத்துக்குச் சற்று முன்னர், அதே 1939 ஜூன் மாதத்தில், அமெரிக்க நூலகச் சங்கம் நூலகங்களுக்கான உரிமைப் பிரகடனம் ஒன்றை ஏற்றுக்கொண்டிருந்தது. நூலைத் தேர்ந்தெடுப்பதிலும் வைத்திருப்பதிலும் எழுத்தாளரின் குலம், நாடு, கொள்கை ஆகியவற்றைப் பார்க்கலாகாது என்ற பொருளில் அமைந்த அந்த ஏட்டை, அங்குள்ள நூலகர்கள் இன்றளவும் ஆட்சேபம் வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்கள்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வேதனையைச் சொன்ன பி. எச். டேனியலின் 'ரெட் டீ' நம்மிடத்தில் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் இரா. முருகவேளின் தமிழில் கிடைக்கிறது. அதைப் போல ஏலத்தோட்டத்தைப் பற்றியும் இவ்வூர்ப் பிள்ளை ஒருவர் நாளைக்கு எழுதக்கூடும். எழுத வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஜீப்பில் அளவுக்கு மீறி ஆளேற்றுவதையும், மருந்தடிக்கும் கைகளில் வரும் புண்ணையும், கூலிக் கணக்கையும் அந்த நூல் சொல்லும்போது, அது யாருக்கேனும் உவப்பில்லாமற் போகும். அன்றைக்கு அந்நூல் அந்தப் பெண்களின் பிள்ளைகள் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்குமா?

இருக்கவேண்டுமானால் செய்யத்தக்கது பெரிய காரியமன்று. மாநில அரசு ஒரு நூலைப் பறிமுதல் செய்ய விரும்பினால், காரணத்தைக் குறிப்பிட்டு அறிவிக்கை வெளியிட வேண்டும் என்று முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு சொன்னது; 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 98-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர்நீதிமன்றம் சென்றால், மூன்று நீதிபதிகள் அமர்ந்து அதை விசாரிப்பார்கள். இந்த அதிகாரம் நகராட்சித் தலைவருக்கு இல்லை, வட்டாட்சியருக்கு இல்லை, காவல் ஆய்வாளருக்கும் இல்லை. எனவே அறிவிக்கை உண்டா என்று கேட்பதே நூலகரின் முதல் கேள்வியாக இருக்கவேண்டும். அறிவிக்கை இல்லாதபோது ஆட்சேபம் எழுத்தில் வரட்டும். ஒரு பக்கப் படிவம் போதும்: ஆட்சேபிப்பவரின் பெயர், நூலை முழுதும் வாசித்தாரா, எந்தப் பக்கம், என்ன காரணம், என்ன பரிகாரம் வேண்டுகிறார். ஏலக்காய் வியாபாரி மாதிரியை உள்ளங்கையில் கொட்டி, ஒரு காயைப் பிளந்து, அரிசியை முகர்ந்து பாராமல் ஒரு குவியலுக்கு விலை சொல்லமாட்டார். நூலுக்கு விலை சொல்ல வருகிறவரிடமும் அந்தப் பொறுப்பைக் கேட்பது மிகையாகாது. விசாரணை முடியும்வரை நூல் அலமாரியிலேயே இருக்கவேண்டும் என்பது எல்லாவற்றிலும் முக்கியம். ஏனெனில் "கொஞ்ச நாளைக்கு எடுத்து வையுங்கள்" என்ற வேண்டுகோளுக்கு முடிவுத் தேதி ஒருபோதும் வருவதில்லை. முடிவைத் தனி நூலகரின் தலையில் ஏற்றாமல், மாவட்ட நூலக அலுவலரும், இலக்கியம் கற்பிக்கும் ஓர் ஆசிரியரும், வாசகர் வட்டத்து உறுப்பினரும் கூடி எடுத்து, காரணத்தோடு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். அதிகாரிகள் தொலைபேசியில் சொல்வதும் ஒரு பதிவேட்டில் தேதியிட்டு ஏறவேண்டும். எழுதப்படும் என்று தெரிந்தாலே பாதிக் கோரிக்கைகள் சொல்லப்படாமல் நின்றுபோகும்.

ஆட்சேபிக்கிறவருக்கும் இதனால் நன்மையே. தம் பெண் குழந்தை எந்த நூலை வாசிக்கலாம் என்று கவலைப்படும் தாய்க்கும் தகப்பனுக்கும் அந்த உரிமை உண்டு. சிறுவர் பகுதியில் தவறி வைக்கப்பட்ட நூலைப் பெரியவர் பகுதிக்கு மாற்றச் சொன்னால் அது நியாயமான வார்த்தை, அதை மரியாதையோடு கேட்கத்தான் வேண்டும். ஊரார் பிள்ளைகள் அனைவருக்கும் சேர்த்துத் தீர்மானிக்கும் அதிகாரந்தான் அவர்களுக்கு இல்லை. இந்த நியாயம் எனக்கும் பொருந்தும். சாதிப் பெருமை பேசும் சில நூல்களைக் கண்டால் எனக்கு மனம் கசக்கிறது. பொய்யை வரலாறென்று எழுதியிருப்பதாக எண்ணுகிறேன். அவையும் இருக்கட்டும், அவற்றை மறுக்கும் நூல்கள் பக்கத்தில் வரும்படி கொள்முதல் செய்யச் சொல்லி நான் விண்ணப்பம் எழுதுவேன். ஆட்சி மாறும்போது கொள்முதலின் போக்கும் மாறுகிறது என்பது பதிப்பாளர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் குறையாதலால், அலமாரிக்குள் நுழையுமுன்பே வாசலில் நிறுத்தப்படும் நூல்களைப் பற்றித் தனியே எழுதவேண்டியிருக்கிறது.

தேனி மாவட்ட நூலக ஆணைக்குழு இந்தப் படிவத்துக்கும் பதிவேட்டுக்கும் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, நவம்பர் 14-ஆம் தேதி நூலக வாரம் தொடங்குமுன் கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் அனுப்பிவைக்கலாம். போடியின் வாசகர் வட்டத்தார் அதைக் கோரி இப்போதே ஒரு மனு எழுதலாம், அதில் கையெழுத்திட நான் தயாராயிருக்கிறேன்.